கேள்வி-பதில்: பழைய ஹொண்டா, புதுப் பிஸ்டன்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹொண்டா சி90 போன்ற பழைய மோட்டார் சைக்கிள்களின் இஞ்சினை வீட்டில் இறக்குபவர்களுடையவை. அவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன். மிக்சி, மின்விசிறிக்காரர்கள் அடுத்த முறை வரை பொறுங்கள்.

கடையில் "சி90 பிஸ்டன், ஸ்டாண்டர்ட்" (வெட்டாத சிலிண்டருக்கான முதல் அளவு) என்று கேட்டேன். தந்தார்கள். சிலிண்டருக்குள் விட்டால் கிண்ணத்தில் போட்ட கரண்டி மாதிரி ஆடுகிறது. திருப்பி எடுக்கமாட்டோம் என்கிறார்கள். (நிலாவெளி)

நீங்கள் கேட்டது சரி, அவர்கள் தந்ததும் சரி. பெயர்தான் பிழை. சி90 என்ற ஒரே பெயரில் இரண்டு இஞ்சின் உண்டு. பழையது 50 மிமீ போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 45.6 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 89 சிசி. பிந்தியது 47 மிமீ போர், 49.5 மிமீ ஸ்ட்ரோக், 85 சிசி. உங்கள் சிலிண்டர் 50, கையில் இருப்பது 47. போட்டு ஓட்டாத பிஸ்டன்தானே, கீறல் விழாமல் பெட்டியோடு கொண்டுபோய் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். தந்தால் அது கடைக்காரரின் நல்ல மனம். தராவிட்டால் சண்டை பிடிக்க உங்களிடம் பெரிய நியாயம் இல்லை. அடுத்த தடவை பழைய பிஸ்டனையும், விட்டம் அளக்க ஒரு வேர்னியரையும் கொண்டு போங்கள்.

சிலிண்டரை 0.50க்கு (ஸ்டாண்டர்டைவிட 0.50 மிமீ பெரிதாக) வெட்டி போர் பண்ணிவிட்டேன். இப்போது 0.50 பிஸ்டன் எங்கேயும் இல்லை. 0.75 வாங்கி லேத்தில் தேய்த்துப் போடலாமா? (கிண்ணியா)

கூடாது. பிஸ்டன் வட்டமாகத் தெரியும், ஆனால் வட்டமில்லை. குறுக்கே போகும் பிஸ்டன் பின் (அதைத் தண்டோடு இணைக்கும் ஊசி) இருக்கும் திசையில் சற்று ஒடுங்கியும் மேல்பக்கம் கூம்பியும் இருக்கும். சூட்டில் விரிந்த பிறகு சரியான வடிவத்துக்கு வரவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். லேத்தில் தேய்த்தால் அந்த வடிவம் போய்விடும்.

தொட்டில் வாங்கிவிட்டுப் பெண் பார்க்கப் போன கதை இது. ஒவ்வொரு மாதமும் ஒருவராவது எழுதுகிறார், நானும் அதையே எழுதுகிறேன்: முதலில் பிஸ்டன், பிறகு போர். பிஸ்டனையும் சிலிண்டரோடு சேர்த்து லேத்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் பிஸ்டனின் அடிவிளிம்பிலிருந்து சுமார் 10 மிமீ மேலே, பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீற்றர் வைத்து அளந்து, அதைவிட 0.01 முதல் 0.04 மிமீ வரை பெரிதாகச் சிலிண்டரை வெட்டுவார். "0.50 தானே, எனக்குத் தெரியும்" என்று பிஸ்டனைப் பார்க்காமலே வெட்டுபவரிடம் கொடுக்காதீர்கள். இரண்டு கம்பனிகளின் 0.50 பிஸ்டன் ஒரே அளவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இனி உங்களுக்கு ஒரு வழிதான்: 0.75 பிஸ்டனை வாங்கி, அதற்கு ஏற்றபடி சிலிண்டரை மறுபடி வெட்டுங்கள். அதற்குப் பிறகு 1.00 மட்டுமே மிச்சம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையில் வைக்கும் தகடு) கிடைக்கவில்லை. சிலிக்கோன் பூசி மூடலாமா? (பாலையூற்று)

வேண்டாம். பிதுங்கும் சிலிக்கோன் ஹெட்டுக்கு ஒயில் ஏறும் துளையை அடைக்கும், வால்வைத் திறக்கும் கேம் ஒயில் இல்லாமல் கருகும்.

ஜப்பான் ஒரிஜினல் என்று சொல்லி இரட்டை விலைக்கு ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையங்கள்) தந்தார்கள். 600 கிலோமீற்றர் ஓடவில்லை, மறுபடி நீலப்புகை. ரிங் டுப்ளிகேட்டா? (உவர்மலை)

ரிங்கைப் பழிக்குமுன் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். நீங்கள் இருக்குமிடம் அதற்கு வசதி. உவர்மலை இறக்கத்தில் த்ரொட்டிலை முழுக்க மூடி இறங்கி, கீழே வந்து திறக்கும்போது ஒரு கொத்துப் புகை வந்து நின்றால் கோளாறு வால்வ் கைட்டிலோ (வால்வின் தண்டு ஓடும் குழாய்) சீலிலோ. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைத்தால் ரிங்கும் சிலிண்டரும்.

சிலிண்டரை அளந்தீர்களா என்று எழுதவில்லை. எழுதாதவர்கள் அளக்காதவர்கள். மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். தேய்மானம் 0.1 மிமீயைத் தாண்டியிருந்தால் தங்கத்தில் ரிங் செய்து போட்டாலும் புகைக்கும்.

இனி அந்த "ஒரிஜினல்". இந்தச் சொல்லுக்கு நம்மூர் பாட்ஸ் கடைகளில் ஒரு அர்த்தமும் மிஞ்சவில்லை. பெட்டியில் சிவப்பாக ஏதாவது அச்சடித்திருந்தால் ஒரிஜினல், ஜப்பான் என்ற சொல் எங்கேயாவது இருந்தால் ஒரிஜினல், மற்றதைவிட விலை கூடவென்றால் நிச்சயம் ஒரிஜினல். சொல்லை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள். ஹொண்டாவின் பாட்ஸ் எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பொருள் என்று சொல்லும். ரிங் செட் என்றால் 13011 ஸ்டாண்டர்ட், 13021 என்றால் 0.25, 13031 என்றால் 0.50, 13041 என்றால் 0.75, 13051 என்றால் 1.00. பிஸ்டனுக்கு 13101 தொடங்கி 13105 வரை அதே வரிசை. அடுத்த மூன்று இலக்கமோ எழுத்தோ எந்த மாடலுக்கு என்பது. பில்லில் "ரிங் 1" என்று எழுத விடாதீர்கள், முழு எண்ணையும் எழுதுவியுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் காசை எடுக்காதீர்கள்.

எண்ணையும் அச்சடிக்கலாமே என்பீர்கள். அடிக்கலாம், அடிக்கிறார்கள். அதனால் வீட்டுக்கு வந்ததும், பிஸ்டனில் மாட்டுமுன், ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் ஒரு அங்குலம் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். இந்தச் சிறிய இஞ்சின்களுக்கு 0.15 முதல் 0.35 மிமீ வரை நல்லது, 0.5ஐத் தாண்டினால் குப்பை. 0.15க்குக் குறைந்தாலும் ஆபத்து: சூட்டில் முனைகள் முட்டிச் சிலிண்டரைக் கீறும். கொழும்பில் நான் நல்ல விலை கொடுத்து வாங்கிய "ஒரிஜினல்" செட் 0.7 காட்டியது. பெட்டியில் எண்ணே இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அந்த ரிங் இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது.

பூட்டும்போது ரிங் முனையருகே உள்ள சின்ன எழுத்து மேலே பார்க்க வேண்டும், மூன்று ரிங்கின் வாய்களும் 120 பாகை விலகி நிற்க வேண்டும். எழுத்தைக் கீழே வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்காரரைத் திட்டுபவர்களும் உண்டு.

நகரத்துக் கராஜ் ஒன்றில் இஞ்சின் செய்யக் கொடுத்தேன். "0.25 பிஸ்டன், போரிங்" என்று பில்லும் தந்தார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி புகை. மச்சான் கழற்றிப் பார்த்தார். பிஸ்டன் தலையில் 0.25 என்ற அடையாளமே இல்லை, பழைய கறுப்புத்தான். கேட்டால், உங்கள் மச்சான்தான் மாற்றிவிட்டார் என்கிறார்கள். (மூதூர்)

அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் எனக்கும் படுகிறது. அளவு கூடிய பிஸ்டனின் தலையில் அந்த அளவைக் குத்தியிருப்பார்கள். கரியைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாலே எழுத்து தெரியும். துடைத்த பிறகும் ஒன்றும் இல்லையென்றால், அடுத்து சிலிண்டர். அதை மச்சான் அல்லாத ஒரு லேத்காரரிடம் கொடுத்து அளந்து, அளவை எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்கள். சிலிண்டர் ஸ்டாண்டர்ட் அளவில் நின்றால் போரிங் நடக்கவே இல்லை. மச்சான் பிஸ்டனை மாற்றியிருக்கலாம், வெட்டிய இரும்பை யாரும் திரும்ப ஒட்ட முடியாது.

பில்லின் பிரதி, படங்கள், அந்த அளவு மூன்றையும் சேர்த்து நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இதற்கு மூன்று மாதக் கெடு உண்டு. உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, இந்த வாரமே கொடுங்கள். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். இனி எந்தக் கராஜிலும் கழற்றிய பழைய சாமானைக் கையில் தந்தால்தான் காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இஞ்சின் செய்தபின் கார் ஒயில் ஊற்றினேன், விலை கூடிய நல்ல ஒயில். கியர் போட்டு முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. (தம்பலகாமம்)

கிளச் ஒயிலுக்குள் கிடந்து ஓடுகிற வண்டி இது. எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஒயிலில் வழுக்கவென்றே மருந்து சேர்ப்பார்கள், அதில் கிளச் பிளேட்டும் வழுக்கும். அந்த ஒயிலை வெளியே வடித்துவிடுங்கள். போத்தலில் ஜாஸோ எம்ஏ (JASO MA) என்ற தரக்குறி இருப்பதை வாங்குங்கள். எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு. புதிதாகச் செய்த இஞ்சினில் முதல் ஒயிலை 100 கிலோமீற்றருக்குள் மாற்றுவதால் விலை கூடியதைத் தேடவும் வேண்டாம்.

போர் பண்ணி வந்த சிலிண்டர், கேஸ்கட் வரும்வரை இரண்டு கிழமை ஷெல்ஃபில் இருந்தது. உள்ளே சிவந்துவிட்டது. (உப்புவெளி)

கடலுக்கு இத்தனை கிட்ட இருந்துகொண்டு வெறும் இரும்பை இரண்டு கிழமை வைப்பதா? ஒயில் தொட்ட துணியால் தேயுங்கள். நிறம் மட்டும் போனால் தப்பினீர்கள், லேசாக ஹோன் பண்ணினால் (சாணைக்கல்லால் உள்சுவரைத் தேய்த்தால்) போதும். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் அடுத்த அளவு. லேத்திலிருந்து வந்த அன்றே வெந்நீரும் சவர்க்காரமும் போட்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஒயில் பூசி, பொலித்தீன் பையில் கட்டுங்கள். பெற்றோலால் துடைத்தால் ஹோன் பொடி முழுக்கப் போகாது, மிஞ்சுவது புது ரிங்கை அரைக்கும். இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை, கதவுக்கு முண்டு கொடுத்து நிற்கிற ஒரு சிலிண்டர்.

பதிவுப் புத்தகத்தில் ஒரு இஞ்சின் நம்பர், வண்டியில் வேறு நம்பர். விலை மலிவு. (சீனக்குடா)

வாங்காதீர்கள். விற்பவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புத்தகத்தைத் திருத்தி எடுத்து வரட்டும், பிறகு பேசலாம்.

சி90 இஞ்சின் மேலே டிக்டிக் என்று சத்தம். என்ன வாங்க வேண்டும்? (சாம்பல்தீவு)

0.05 மிமீ தகடு உள்ள ஃபீலர் கேஜ். குளிர்ந்த இஞ்சினில் இரண்டு வால்வுக்கும் அந்த இடைவெளிதான். வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.