வேறு நாட்டிலிருந்து குடியேறி, தேசிய கால்பந்து அணியின் நடுக்களத்தில் ஆடியவர்களில் உங்கள் தேர்வு யார்? ஏன்?

என்னைக் கேட்டால் க்ளோட் மக்கலேலே. பிரான்ஸ் என்றதும் பலரும் ஜிடேன் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அவர் மார்செய்யில் பிறந்தவர். குடியேறியவர்கள் அவருடைய பெற்றோர். மக்கலேலே 1973-ல் கின்ஷாசாவில், அன்றைய சையர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டில் பிறந்து, 4 வயதில் பிரான்ஸ் வந்தவர். அப்பாவும் கால்பந்து வீரர்தான்.

பிரான்ஸின் நான்ட் கிளப்பில் ஆடத் தொடங்கியபோது வலப்பக்கம் ஓடி ஆடுபவராகத்தான் இருந்தார். 1995-ல் அந்த அணி லீக் பட்டம் வென்றது. அதே ஆண்டு பிரான்ஸ் அணியிலும் இடம் கிடைத்தது. ஆனால் 1998 உலகக் கோப்பை அணியில் அவர் இல்லை, 2000 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) அணியிலும் இல்லை. பிரான்ஸ் இரண்டையும் வென்றது! இந்த ஆளுக்கு நேரமே சரியில்லை என்று தோன்றும்.

2000-ல் ரியல் மாட்ரிட் போனார். ஜிடேன், ஃபிகோ, ரொனால்டோ என்று எல்லோரும் முன்னால் பாய, பின்னால் விட்ட இடத்தையெல்லாம் இவர் ஒருவர் அடைத்துக்கொண்டிருந்தார். 2003-ல் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோது நிர்வாகம் மறுத்தது. லண்டனின் செல்சி கிளப் சுமார் 1.7 கோடி பவுண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. அவர் இல்லாதது குறையாகத் தெரியாது, மூன்று மீட்டருக்கு மேல் பாஸ் கொடுப்பதே அபூர்வம் என்கிற ரீதியில் மாட்ரிட் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸ் பேசினார். அதே கோடையில் பெக்காம் வந்து சேர்ந்ததைக் குறிப்பிட்டு, எஞ்சினைக் கழற்றிவிட்டு பென்ட்லி காருக்கு இன்னொரு கோட் தங்கப் பூச்சு எதற்கு என்று ஜிடேன் கேட்டதாகச் சொல்வார்கள். அடுத்த சீசனில் மாட்ரிட் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று நான்காம் இடத்தில் முடித்தது. பெரெஸுக்கு நல்லா வேணும் என்று அன்று நினைத்த ரசிகர்களில் நானும் ஒருவன்.

செல்சியில்தான் அவர் ஆடிய இடத்துக்கே அவர் பெயர் வந்தது. அப்போது இங்கிலாந்தில் பெரும்பாலான அணிகள் 4-4-2 ஆடின: தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்னால் இருவர். நடுக்கள நால்வரில் இருவர் ஓரங்களுக்குப் போய்விட, மையத்தில் இரண்டு பேர்தான். செல்சி பயிற்சியாளர் மொரின்யோ அங்கே மூன்று பேரை நிறுத்தினார்: முன்னால் இருவர், அவர்களுக்குப் பின்னால் மக்கலேலே. எதிரணியின் இரண்டு மிட்ஃபீல்டர்கள் அந்த முன்னால் இருவரைப் பிடிக்கப் போனால் இவரைத் தடுக்க ஆளிருக்காது, பந்து இவரிடம் வரும். இவரைப் பிடிக்க ஒருவர் வந்தால் முன்னால் ஒருவர் விடுபடுவார். 2004-05 சீசன் முழுக்க செல்சி வாங்கிய கோல்கள் 15 மட்டுமே.

அந்த சீசனின் லீக் பட்டத்தைச் செல்சி கையில் வாங்கிய நாள், சார்ல்டனுக்கு எதிரான ஆட்டம். கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைக்க, செல்சிக்காக அதுவரை ஒரு கோல்கூட அடிக்காத மக்கலேலேயை அடிக்கச் சொன்னார்கள். கோல்கீப்பர் தடுத்துவிட்டார்! திரும்பி வந்த பந்தை எப்படியோ உள்ளே தள்ளினார். செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜே ஆடிவிட்டது.

பிரான்ஸ் அணியிலிருந்து 2004-ல் விலகியவர், தகுதிச் சுற்றில் அணி திணறியபோது 2005-ல் ஜிடேன், துராமுடன் திரும்பி வந்தார். 2006 உலகக் கோப்பையில் கின்ஷாசாவில் பிறந்த இவரும் டாக்கரில் பிறந்த பத்ரிக் வியராவும்தான் நடுவில் தூண்கள். இறுதி ஆட்டத்தில் இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றார்கள். நாட்டுக்காக 71 ஆட்டங்கள், ஒரு கோல்கூட இல்லை.

முடிந்தால் அந்தத் தொடரின் பிரேசில் காலிறுதியை முழுதாகப் பாருங்கள், சுருக்கக் காட்சி வேண்டாம். ஜிடேனின் நாள் அது என்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு 6-ஆம் எண் சட்டையை மட்டும் கவனித்துப் பாருங்கள்.