ஐந்து பேருக்கு முதல் ஐரோப்பியப் பயணம்: 22,000 வெள்ளியை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. எங்களுடன் வரும் மாமியாருக்கு 68 வயது. அவர் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறார், முழங்கால் வலியும் உண்டு. அடுத்த ஜூன் பள்ளி விடுமுறையில் 14 நாட்களுக்கு லண்டன், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று போய் வர நினைக்கிறோம். 22,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறோம். போதுமா? எதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? (செங்காங் வாசகி)

பதில்: இந்தத் தொகையில் உங்கள் ஐவருக்கும் நல்லதொரு பயணம் அமையும், ஆனால் ஐந்து நாடுகள் அமையாது. குடும்பப் பயணத்தின் செலவைத் தீர்மானிப்பது எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பது மட்டுமல்ல, எத்தனை முறை ஊர் மாறுகிறீர்கள் என்பதும்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து ரயில் சீட்டுகள், பெட்டிகளோடு ஏறி இறங்க வாடகை வண்டி, நிலையத்தில் பசிக்கு வாங்கும் ரொட்டிகள் என்று கைப்பணம் கரைவதோடு, பாதி நாளும் போய்விடும். ஆகவே செலவைப் பிரிப்பதற்கு முன் ஊர்களைக் குறைத்துவிடுங்கள். பாரிஸில் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் நான்கு இரவு, ரோமில் நான்கு இரவு என்று வைத்துக்கொண்டால் இடம் மாறுவது இரண்டே முறைதான்.

லண்டனை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளின் கூட்டத்தில் பிரிட்டன் இல்லை. அங்கே போக உங்கள் நால்வருக்கும், பிள்ளைகள் உட்பட, தனித்தனியே மின்னணுப் பயண அனுமதி வேண்டும். மாமியாருக்கோ முழு விசாவே வேண்டும். இரண்டு மூன்று நாள் தங்குவதற்காக 68 வயதுடையவரை இரண்டு விசாக்களுக்கு அலையவைப்பது தேவையற்றது என்பது என் கருத்து.

ஷெங்கன் விசா உங்களில் மாமியாருக்கு மட்டுமே தேவை. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியும் அவருக்குக் கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு, அதாவது உங்களுக்குப் பிரான்ஸ். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் ஏற்கப்படும் என்பதால், ஜூன் தொடக்கத்தில் புறப்படுவோர் டிசம்பரிலேயே சந்திப்பு நேரம் கேட்பது நல்லது. கோடை நெருங்க நெருங்க நேரம் கிடைப்பது அரிதாகிவிடும். அவருடைய கடப்பிதழ், ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் மறுநுழைவு அனுமதியின் காலாவதித் தேதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். விசா அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான். குடிமக்களான உங்களுக்கு விசா தேவையில்லை. எனினும் 2026 கடைசிக் காலாண்டில் தொடங்க ஐரோப்பிய ஒன்றியம் திட்டமிட்டுள்ள, விசா தேவைப்படாதோருக்கான ஈட்டியாஸ் பயண அனுமதி நீங்கள் புறப்படுவதற்குள் நடைமுறைக்கு வந்துவிட்டால், உங்கள் இருவருக்கும் தலா 20 யூரோ ஆகும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அக்கட்டணம் இல்லை. இவையனைத்துக்கும், ஐவருக்கான காப்புறுதிக்கும் சேர்த்து 600 வெள்ளி ஒதுக்குங்கள்.

விமானச் சீட்டுக்கு ஆளுக்கு 1,500 வெள்ளி வீதம் 7,500 வெள்ளி என்று கணக்கு வையுங்கள். பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புவது போலச் சீட்டு எடுத்தால், ரோமிலிருந்து மறுபடியும் பாரிஸுக்குப் போகும் செலவும் ஒரு நாளும் மிச்சமாகும். முழுச்சேவை விமானங்களில் பெரும்பாலும் 12 வயது நிறையாத பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைந்த கட்டணம் உண்டு. மகளுக்கு அது கிடைக்கும், மகன் பெரியவர் கணக்கில் வந்துவிடுவான். விடுமுறை தொடங்கும் வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்து, அடுத்து வரும் செவ்வாய் அல்லது புதன் புறப்படுவதற்கு விலை பாருங்கள். விடுமுறையின் முற்பகுதியே உங்களுக்கு ஏற்றது. பிரான்சில் பள்ளிகள் ஜூலையில்தான் மூடப்படும். மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வெயிலும் கூட்டமும் உச்சத்தை எட்டியிருக்காது. மாமியாரின் விசா கைக்கு வரும்வரை, தேதியை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ இடம் தரும் சீட்டாக எடுப்பது பாதுகாப்பானது. அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

தங்குமிடத்தை நீங்கள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய நகர ஓட்டல்களில் ஓர் அறை என்றால் பெரும்பாலும் இருவருக்கு, மிஞ்சினால் மூவருக்கு. ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுத்தாக வேண்டும். சமையலறையோடு கூடிய அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்தால் செலவு குறையும், காலையும் இரவும் வீட்டிலேயே சாப்பிடலாம். ஆனால் விளம்பரத்தில் ‘ஐவர் தங்கலாம்’ என்று இருப்பதை மட்டும் நம்பாமல், கட்டில்கள் எத்தனை, விரிக்கும் சோபா எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மாமியாருக்கு உண்மையான கட்டில் வேண்டும். அடுத்து மாடி. சிங்கப்பூரில் தரைமட்டத்தையே முதல் தளம் என்கிறோம்; பாரிஸிலும் ரோமிலும் தரைத்தளத்துக்கு மேலே உள்ளதுதான் முதல் மாடி. அங்கே ‘மூன்றாம் மாடி’ என்றால் நம் கணக்கில் நான்காம் தளம். பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இருப்பதில்லை. இருந்தாலும் ஒரு பெட்டியும் ஓர் ஆளும் நிற்கும் அளவே இருக்கும், அதற்கும் வாசலில் நாலைந்து படி ஏற வேண்டியிருக்கலாம். முழங்கால் வலியோடு ஒருவர் வரும்போது, இந்த விவரத்தை வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டுப் பெறாமல் முன்பணம் கட்டாதீர்கள். குளிரூட்டி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பாரிஸிலும் லூசெர்னிலும் அது இல்லாத வீடுகளே அதிகம்.

பாரிஸுக்கு இரவுக்கு 280 யூரோ, ரோமுக்கு 260 யூரோ, லூசெர்னுக்கு 300 சுவிஸ் பிராங்க் என்று வைத்துக்கொண்டால் 12 இரவுக்கும் ஏறத்தாழ 5,400 வெள்ளி வரும். நான் இங்கே ஒரு யூரோவை 1.55 வெள்ளியாகவும் ஒரு பிராங்கை 1.70 வெள்ளியாகவும் வேண்டுமென்றே சற்று உயர்த்திப் பிடித்திருக்கிறேன். நாணய மாற்று விகிதம் நமக்கு எதிராகப் போனாலும் கணக்கு குலையாது. தங்குமிட வாடகையில் பெரும்பாலும் சேராத நகர வரி ஒன்றும் உண்டு. ரோமில் மூன்று நட்சத்திர ஓட்டல் என்றால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. பாரிஸில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விலக்கு. மூன்று ஊருக்கும் சேர்த்து 300 வெள்ளியைத் தனியே எடுத்து வையுங்கள்.

ரயிலுக்கு வருவோம். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசெலுக்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம், அங்கிருந்து லூசெர்ன் ஒரு மணி நேரம். பின்பு லூசெர்னிலிருந்து, 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கப்பாதை வழியாக மிலான் போய், அங்கே ரயில் மாறி மூன்று மணி நேரத்தில் ரோமை அடையலாம். இந்த இரு பயணங்களுக்கும் சீட்டு விற்பனை திறந்தவுடன் வாங்கினால் ஐவருக்கும் 1,200 வெள்ளிக்குள் முடிக்க இயலும். கடைசி வாரத்தில் வாங்கினால் இரு மடங்கானாலும் ஆச்சரியப்பட வேண்டாம். சுவிட்சர்லாந்துக்குள் ரயில், பேருந்து, கப்பல்களில் செல்ல உதவும் மூன்று நாள் சுவிஸ் டிராவல் பாஸ் பெரியவர் மூவருக்கும் ஏறத்தாழ 1,300 வெள்ளி. பெற்றோருடன் வரும் 6 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம் என்பதால் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் செலவே இல்லை. பாஸ் வாங்கும்போதே அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

பனிமலை விஷயத்தில் ஒரு வார்த்தை. பலரும் யுங்ஃபிராவ்யோக் என்ற பனிமலை ரயில் நிலையத்துக்குப் போகாமல் திரும்பக் கூடாது என்பார்கள். இன்டர்லாகனிலிருந்து போய்வர ஒரு பெரியவருக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும், பாஸ் இருந்தாலும் கால்பங்குதான் தள்ளுபடி. தவிர அந்த ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உங்கள் மாமியாரின் வயதில் அந்த உயரத்தில் மூச்சு வாங்கக்கூடும். ரிகி மலைக்கோ உங்கள் பாஸிலேயே போய்விடலாம். லூசெர்ன் படித்துறையில் கப்பல் ஏறி, ஏரி வழியாக விட்ஸ்நாவில் இறங்கினால் எதிரிலேயே பற்சக்கர ரயில் நிற்கும். 1871 முதல் ஓடுகிற ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அது. 1,798 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு அருகே அது கொண்டுபோய் விடும். சுற்றிலும் ஆல்ப்ஸ் தெரியும். பிள்ளைகள் பனியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், பாஸில் பாதிக் கட்டணச் சலுகை உள்ள டிட்லிஸ் பனிமலைக்கு அப்பா மட்டும் அவர்களை ஒரு நாள் அழைத்துச் செல்லட்டும். நீங்களும் மாமியாரும் ஏரிக்கரையில் இளைப்பாறலாம்.

நுழைவுச்சீட்டுகளுக்கு 1,000 வெள்ளி போதும், ஏனெனில் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் கட்டணம் இல்லை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 2026 ஜனவரி முதல் 32 யூரோ. செவ்வாய்க்கிழமை அது மூடியிருக்கும். ரோமின் கொலோசியத்திலும் 18 வயதுக்குள் இலவசம். ஆனால் இலவசச் சீட்டையும் முன்பதிவு செய்தாக வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. எல்லாவற்றையும் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர்கள் அதே சீட்டை வழிகாட்டி, வரிசை தாண்டல் என்று சொல்லி விலையேற்றி விற்பார்கள். நகருக்குள் மெட்ரோ, பேருந்து, விமான நிலையப் பயணம் ஆகியவற்றுக்கு 500 வெள்ளி, கைத்தொலைபேசி இணையத்துக்கு 100 வெள்ளி.

சாப்பாட்டுக்கு 2,500 வெள்ளி, அதாவது நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 210 வெள்ளி. காலையில் பேரங்காடியில் வாங்கிய ரொட்டி, பால், பழம், மதியம் உணவகம், இரவு வீட்டில் சோறு என்று பழகினால் இது தாராளமாகப் போதும். சுவிட்சர்லாந்தில் உணவகத்தில் ஒருவேளைச் சாப்பாடே ஆளுக்கு 25, 30 பிராங்க் ஆகிவிடும், குழாய்த் தண்ணீருக்குக்கூடச் சில இடங்களில் பணம் கேட்பார்கள். அங்கே மதிய உணவையும் கட்டி எடுத்துப்போவது நல்லது. பிரான்சில் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். இத்தாலியில் மேசைக்கட்டணம் என்று ஆளுக்கு ஓரிரு யூரோ பில்லில் சேர்ப்பது வழக்கம், ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். பாரிஸில் லா ஷப்பெல் பகுதிக்கு ஒரு நாள் மாமியாரை அழைத்துப் போங்கள். இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். தோசையும் இடியாப்பமும் மற்ற உணவகங்களைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும், மிச்ச நாட்களுக்கு அரிசி பருப்பும் வாங்கிக்கொள்ளலாம். ரூ பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயமும் பக்கத்தில்தான்.

பணம் செலுத்தும்போது கடை இயந்திரம் ‘யூரோவா, சிங்கப்பூர் வெள்ளியா?’ என்று திரையில் கேட்கும். நம் நாணயம் தெரிந்ததாக இருக்கிறதே என்று வெள்ளியைத் தொட்டால், இயந்திரத்துக்குரியவர்கள் வைத்த விகிதத்தில் நான்கைந்து விழுக்காடு கூடப் போய்விடலாம். எப்போதும் யூரோவையே தொடுங்கள். சாதாரணக் கடன்பற்று அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்று விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பதால், யூட்ரிப், வைஸ் போன்ற பல நாணய அட்டைகளில் முன்கூட்டியே யூரோவும் பிராங்கும் வாங்கி வைக்கலாம். கணவர் ஒன்று, நீங்கள் ஒன்று என்று இரண்டு அட்டையாக, வெவ்வேறு பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக 300 யூரோ போதும். முஸ்தஃபாவிலோ ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்க்கேடிலோ மாற்றும்போது சிறிய தாள்களாகக் கேளுங்கள்.

இதுவரை சொன்னவற்றைக் கூட்டினால் 20,400 வெள்ளி வருகிறது. மீதி 1,600 வெள்ளியை எந்தத் தலைப்பிலும் சேர்க்காதீர்கள். தவறவிட்ட ரயில், மருந்து, கூடுதல் பெட்டி எடை போன்றவை அதில்தான் அடங்க வேண்டும். விமானச் சீட்டு ஆளுக்கு 1,700 வெள்ளியைத் தாண்டினால் கையிருப்பில் கைவைக்காமல், லூசெர்னில் ஓர் இரவைக் குறையுங்கள். மூன்று ஊர்களில் வாடகையும் சாப்பாடும் மிக அதிகம் ஆவது அங்கேதான், ரிகிக்கும் ஏரிக்கும் மூன்று இரவு போதும். அதற்கு மேலும் குறைக்க வேண்டியிருந்தால் டிட்லிஸை விடுங்கள். மாமியாரின் காப்புறுதியையும், மின்தூக்கி உள்ள வீட்டையும் மட்டும் குறைக்காதீர்கள்.