பள்ளிப் பிள்ளைகளும் சேவையும்: கேட்டவர்களுக்குப் பதில்

காட்பாடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராக இருந்தேன். பிள்ளைகளைச் சேவைக்கு அனுப்புவது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மகன் பிளஸ் ஒன்னில் என்.எஸ்.எஸ். சேர்ந்திருக்கிறான். ஏழு நாள் முகாம் வேறு இருக்கிறதாம். படிப்பு கெடாதா சார்? (ஒரு தாய், குடியாத்தம்)

கெடாது அம்மா. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு 240. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. எங்கள் முகாம்களைக் காலாண்டு விடுமுறையில்தான் வைத்தோம். 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. பிறகுதான் பிளஸ் ஒன், பிளஸ் டூ வரை வந்தது.

ஒரு முகாமில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போன மாணவன் ராத்திரி என்னிடம் வந்தான். "சார், அந்தத் தெருவுல மட்டும் ஏன் பைப்புல தண்ணி வரலை?" என்று கேட்டான். உள்ளாட்சி பற்றிப் பாடத்தில் படித்து, பரீட்சையும் எழுதியவன்தான். ஆனால் கேள்வி அன்றைக்குத்தான் வந்தது. மறுநாள் ஊராட்சித் தலைவருக்கு மனுவை அவனே எழுதினான். தைரியமாக அனுப்பி வையுங்கள்.

சேவை என்று சொல்லி என் பெண்ணைப் பள்ளிக் கழிவறையைக் கழுவ வைத்தார்கள். கேட்டால் "காந்தியே செய்தாரே" என்கிறார்கள். (ஒரு தந்தை, ஆற்காடு)

காந்தி தானே செய்தார், தான் செய்யாததைப் பிள்ளைகளிடம் ஏவவில்லை. வகுப்பறையை எல்லோரும் முறை வைத்துக் கூட்டினால், ஆசிரியரும் ஒரு துடைப்பத்தைக் கையில் எடுத்தால், அது நல்ல பழக்கம். குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும், அதுவும் எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்துக் கழிவறைக்கு அனுப்பினால் அது சாதிக் கொடுமை, சட்டப்படி குற்றமும்கூட. கழிவறையைச் சுத்தம் செய்யச் சம்பளத்துக்கு ஆள் போடுவது நிர்வாகத்தின் கடமை. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம், அப்புறம் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்வுக் கூட்டம். கூசாமல் போங்கள். நீங்கள் கேட்பது உங்கள் பெண்ணுக்காக மட்டும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் மரக்கன்று நடுகிறோம், ஒவ்வொரு வருடமும் காய்ந்து போகிறது. (ஆசிரியை, அணைக்கட்டு)

நம்ம ஊர் வெயிலில் மே மாதம் 40 டிகிரி தாண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத இடத்தில் கன்று நட்டால் அவ்வளவுதான். ஏரிக்கரைக்குப் பனை விதை போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது பிள்ளைகளையே பொறுக்கி வரச் சொல்லலாம். பத்தடிக்கு ஒன்றாக, ஒரு அடி ஆழத்தில் போட்டால் மழையே பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பனை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும், இலை மேலே தெரியப் பல மாதம் ஆகும். இது தெரியாமல் "செத்துப்போச்சு" என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பொங்கலுக்கு நாம் அவித்துச் சாப்பிடும் கிழங்கே அந்த முளைதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஏரி நீர்வளத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று கேட்டு அனுமதி வாங்கிய பிறகு இறங்குங்கள். எத்தனை முளைத்தது என்று அடுத்த ஆண்டு எண்ணுவதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

தொழுநோயாளிகளைப் பார்க்க மாணவர்களை அழைத்துப் போகலாமா? பெற்றோர் பயப்படுகிறார்கள். (ஆசிரியர், காட்பாடி)

போகலாம், ஆனால் வேடிக்கை பார்க்க அல்ல. பக்கத்திலேயே கரிகிரி இருக்கிறது, 1955இல் இந்த நோய்க்கென்றே தொடங்கிய மையம். கூட்டு மருந்து சாப்பிடத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவாது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து சாப்பிட்டால் குணமாகும். விரல் அழுகி விழுகிறது என்பது தவறு. நரம்பில் உணர்ச்சி போவதால் சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. அந்தப் புண்தான் விரலைத் தின்கிறது. வளைந்துபோன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம் என்று டாக்டர் பால் பிராண்ட் செய்து காட்டியதும் நம் வேலூரில்தான். இதையெல்லாம் பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும். போனில் படம் எடுப்பதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு என்.எஸ்.எஸ். கிடையாதா? (வாணியம்பாடி)

கிடையாது. ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர், தேசிய பசுமைப் படை இருக்கின்றன. உங்கள் பள்ளியில் எது உயிரோடு நடக்கிறதோ அதில் சேருங்கள்.

முகாம் இல்லாத நாளில் நாங்கள் நாலு பேர் என்ன செய்யலாம் சார்? ரத்தம் கொடுக்கலாமா? (பிளஸ் ஒன் மாணவன், சத்துவாச்சாரி)

ரத்தம் கொடுக்க 18 வயது ஆகணும் தம்பி, பொறுத்துக்கோ. அதைவிடப் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எத்தனை குடும்பங்கள் வருகின்றன, பார்த்திருப்பாய். தமிழ் தெரியாது, கையில் ஃபைல், மடியில் குழந்தை. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி எந்த பஸ், எவ்வளவு டிக்கெட் என்று தெரியாமல் நிற்பார்கள். பஸ், மருந்துக்கடை, சாப்பாடு, வாடகை அறை என்று முப்பது சொற்களைத் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் ஒரே தாளில் எழுதுங்கள். வங்காளச் சொற்களை ஆஸ்பத்திரி எதிரில் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சொல்லித் தருவார்கள். பத்து ஜெராக்ஸ் எடுத்து முதலில் இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்து, எந்தச் சொல் விட்டுப்போயிற்று என்று கேளுங்கள். அதையும் சேர்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போங்கள். வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.