மருத்துவர் பதில்கள்: படர்தாமரை ஆய்வில் சேரலாமா?

தோல் நோய்கள், காது மூக்கு தொண்டை நோய்கள் தொடர்பான மருத்துவ ஆய்வுகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்குக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஓராண்டுக்கு மேலாக எனக்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை இருக்கிறது. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைத் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகப் படர்கிறது. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில், ஓர் ஆய்வு நடப்பதாகவும் விருப்பமிருந்தால் சேரலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு எந்த மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்வார்களாம். என்னைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தக் களிம்புக் குழாயை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டே நாளில் அரிப்பை அடக்கும் களிம்புகளில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அழற்சியை அடக்குமே தவிர, படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பு குறைந்துவிட்டதால் பூஞ்சை தங்குதடையின்றிப் பரவும். இத்தகைய களிம்பை மாதக்கணக்கில் தடவியவர்களின் தோலைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். காசைப் போல வட்டமாகச் சிவந்து தடித்திருக்க வேண்டிய விளிம்பு ஆங்காங்கே அழிந்து, வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் கிளம்பியிருக்கும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவித்த வயிற்றில் இருப்பதுபோல் வரிகள் விழுந்திருக்கும்.

இனி ஆய்வுக்கு வருகிறேன். பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபின் மாத்திரையைச் சில வாரங்கள் கொடுத்தாலே படர்தாமரை குணமாகிவிடும் என்றுதான் நாங்கள் படித்தோம். இந்தியாவில் அந்தப் பாடம் இப்போது பொய்த்துவிட்டது. வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள், நாள்பட்ட படர்தாமரை உள்ள 200 பேரைக் குலுக்கல் முறையில் 50 பேர் வீதம் நான்கு குழுக்களாகப் பிரித்து, நான்கு வெவ்வேறு மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில், எட்டு வார முடிவில் குணமானவர்கள் இட்ரகோனசோல் குழுவில் 66 சதவீதம், ஃபுளூகோனசோல் குழுவில் 42 சதவீதம், டெர்பினாஃபின் குழுவில் 28 சதவீதம், கிரிசியோஃபுல்வின் குழுவில் 14 சதவீதம். பாடநூல் முதலிடம் தந்த மருந்து மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தது. பூஞ்சையின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் டெர்பினாஃபின் அதைத் தாக்க முடியாமல் போவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். (இந்த எண்களைப் பார்த்துவிட்டு இட்ரகோனசோலை நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள், இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆபத்தானது, வேறு பல மருந்துகளோடும் அது ஒத்துப்போகாது.)

குலுக்கல் என்றதும் பொறுப்பில்லாத செயலாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் எந்த மருந்து மேல் என்பது மருத்துவருக்கே தெரியாதபோதுதான் குலுக்கலுக்கு இடமுண்டு. தெரிந்திருந்தால் அதையே கொடுத்துவிட வேண்டும், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு அப்படிப்பட்ட ஆய்வுக்கு அனுமதி தராது. மருத்துவரே தேர்ந்தெடுத்தால், நோய் முற்றியவருக்கு ஒரு மருந்தும் லேசாக இருப்பவருக்கு இன்னொன்றும் என்று கை தானாகப் போய்விடும். பிறகு எந்த மருந்தால் குணம் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

சேர்வதற்கு முன் தமிழில் உள்ள தகவல் படிவத்தைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படியுங்கள். ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2007இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பக்கவிளைவு வந்தால் யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், சிகிச்சைச் செலவு யாருடையது என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகினாலும் அதே மருத்துவமனையில் உங்களுக்கு உரிய சிகிச்சை குறையக் கூடாது. இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள் என்றால் சேருங்கள். என் வீட்டில் ஒருவர் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

கேள்வி: என் தாயாருக்கு ஒரு நாள் காலையில் வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது, ஒரு கண்ணை மூட முடியவில்லை. முகவாதம் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். "தானாகவே சரியாகிவிடும், அந்த மாத்திரை வேண்டாம்" என்கிறார்கள் உறவினர்கள். படர்தாமரைக்கு ஆகாத ஸ்டீராய்டு இதற்கு மட்டும் ஆகுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் பல ஆண்டுகள் மருத்துவர்களையும் குழப்பியது. பெரும்பாலோருக்குத் தானாகவே குணமாகும் நோயில் எதைக் கொடுத்தாலும் பலித்தது போலத் தோன்றும்; எண்ணெய் தேய்த்தவரும் பத்தியம் இருந்தவரும் தத்தம் வைத்தியத்துக்கே பெருமை சேர்ப்பார்கள். மருந்து தராத ஒரு குழுவை அருகில் வைத்துப் பார்த்தால்தான் மருந்தின் பங்கு எவ்வளவு என்பது தெரியும்.

ஸ்காட்லாந்தில் 17 மருத்துவமனைகளில் அதைச் செய்தார்கள். வாய் கோணி 72 மணி நேரத்துக்குள் வந்த 551 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 25 மில்லிகிராம் தினம் இரு வேளை, பத்து நாட்களுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதே போன்ற, மருந்தில்லாத மாத்திரை. வைரஸ் கொல்லியான அசைக்ளோவிரையும் அதே முறையில் சோதித்தார்கள். முகம் சரியாகிவிட்டதா என்பதைச் சிகிச்சை அளித்தவர்களிடம் விடவில்லை. இயல்பாக இருக்கும்போது, சிரிக்கும்போது, புருவத்தை உயர்த்தும்போது, கண்களை இறுக மூடும்போது என்று நான்கு நிலைகளில் புகைப்படம் எடுத்து, யாருக்கு எந்த மாத்திரை என்பதை அறியாத நிபுணர்களிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தார்கள்.

2007இல் வெளியான முடிவு இது: மூன்று மாதத்தில் பிரெட்னிசலோன் எடுத்தவர்களில் 83 சதவீதத்தினரும் எடுக்காதவர்களில் 63.6 சதவீதத்தினரும் முழுமையாகக் குணமடைந்தார்கள். ஒன்பது மாதத்தில் அது 94.4 சதவீதம், 81.6 சதவீதம். அசைக்ளோவிரால் கூடுதல் பயன் இல்லை. ஆக, மாத்திரை இல்லாமலும் பலர் குணமடைவார்கள் என்பது மெய். கோணல் நிரந்தரமாகத் தங்கிவிடுபவர்களின் எண்ணிக்கையை அது பெருமளவு குறைக்கிறது என்பதும் மெய். பூஞ்சைக்குத் தீனியாகும் அதே அழற்சிக் குறைப்புதான் முக நரம்பின் வீக்கத்துக்கு மருந்தாகிறது.

உங்கள் தாயார் மாத்திரையை நிறுத்த வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி, அந்த நாட்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பாருங்கள். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும், இரவில் இமையை ஒட்டி வைப்பதும் முக்கியம். காதில் கொப்புளம் தெரிந்தால் அது வேறு நோய். அதற்கு வைரஸ் கொல்லி தேவை. மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாய் கோணியும் நெற்றியை இரு பக்கமும் சுருக்க முடிகிறது, அல்லது கை கால் தளர்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஒரே நபரின் இடது கையில் ஒரு களிம்பும் வலது கையில் இன்னொன்றும் தடவி ஆராய்வதுண்டா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: உண்டு. வயது, உணவு, வெயில் எல்லாம் இரு கைகளுக்கும் ஒன்றே என்பதால், குறைந்த எண்ணிக்கையினரைக் கொண்டே வேறுபாட்டைக் கண்டுவிடலாம். மாத்திரைக்கு இது பொருந்தாது. இரத்தத்தில் கலந்துவிடும் களிம்புக்கும் பொருந்தாது.

கேள்வி: எனக்குச் சிறு வயதிலிருந்தே கரப்பான் (எக்சிமா) உண்டு. பிறக்கப்போகும் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே ஈரப்பதக் களிம்பு தடவினால் அது வராமல் தடுக்கலாமா?
— வாசகி, கோவை

பதில்: தடுக்கலாம் என்றே பலரும் நம்பினோம். பிரிட்டனில், உங்கள் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களில் பிறந்த 1,394 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் முதல் ஆண்டு முழுவதும் தினமும் தடவச் சொன்னார்கள். இரண்டு வயதில் தடவிய குழுவில் 23 சதவீதக் குழந்தைகளுக்கும் மற்றதில் 25 சதவீதக் குழந்தைகளுக்கும் கரப்பான் இருந்தது. இதை வேறுபாடாகக் கொள்ள முடியாது. தடவிய குழந்தைகளுக்குத் தோல் தொற்று சற்று அதிகமாகவே வந்தது. ஆகவே வருமுன் தடுப்பதற்காக இதை வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். குழந்தைக்குக் கரப்பான் வந்துவிட்டால் நிலைமை வேறு. அப்போது அதே களிம்புதான் சிகிச்சையின் அடிப்படை. கையை நன்றாகக் கழுவிவிட்டு, குளிப்பாட்டிய ஈரம் உலர்வதற்குள் தடவ வேண்டும்.