பல செர்வர்களில் ஷெட்யூல் செய்த பணிகளின் நேரத்தை ஒரே ஸ்கிரிப்டால் மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் நேரத்தை மட்டும் மாற்றுங்கள், ட்ரிகரையே (பணி எப்போது, எத்தனை முறை ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) மாற்றிவிடாதீர்கள். "ஒரு வரி ஸ்கிரிப்ட்தானே, இன்றைக்கே முடித்துவிடுங்கள்" என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்போது நான் ஒரு மருந்துக்கடை நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியன். 42 கிளைகள், கிளைக்கு ஒரு விண்டோஸ் செர்வர். ஒவ்வொன்றின் டாஸ்க் ஷெட்யூலரிலும் (குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவி) ஒரு பணி காலை 7 மணிக்குத் தொடங்கி, கடை அடைக்கும்வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை மருந்து இருப்பைத் தலைமையகத்துக்கு அனுப்பும். கடைகளை 6 மணிக்கே திறக்க முடிவானதால் அதையும் 6 மணிக்கு மாற்றச் சொன்னார்கள். விண்டோஸின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில் தினமும் 6 மணி என்று புதிய ட்ரிகர் உருவாக்கி, செட்-ஷெட்யூல்டுடாஸ்க் கட்டளையால் எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். 41இல் வெற்றி. ஒரு கிளையில் மட்டும் இணைப்பு அறுந்திருந்தது.

சோதிக்காமலா ஓட்டினாய் என்று கேட்பவர்களுக்கு: சோதித்தேன். சோதனைச் செர்வரில் அந்தப் பணி நாளுக்கு ஒருமுறை மட்டுமே ஓடும்படி இருந்தது. அதனால் அங்கே குறை எதுவும் தெரியவில்லை.

அந்தக் கட்டளை பழைய ட்ரிகரைத் திருத்துவதில்லை. நீக்கிவிட்டுப் புதியதை வைக்கிறது. 15 நிமிட மறுஓட்டமும் அதோடு போய்விட்டது. மறுநாள் 6 மணிக்குப் பணி ஒரே ஒரு முறை ஓடியது. முடிவு பூஜ்யம், அதாவது பிழை இல்லை. எச்சரிக்கையும் வரவில்லை. இருப்புக் கணக்கு மட்டும் 6 மணியிலேயே நின்றது. ஒரு பெரியவரிடம் இன்சுலின் வேறொரு கிளையில் இருப்பதாகத் திரையைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறிப் போனவருக்கு அங்கே கிடைக்கவில்லை. காலையிலேயே விற்றுத் தீர்ந்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

காப்பாற்றியது இணைப்பு அறுந்திருந்த அந்த ஒரு கிளைதான். அங்கே பழைய அமைப்பு கலையாமல் இருந்தது. அதை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, நேரத்தைத் திருத்தி, மற்ற 41இலும் பதிந்து முடிக்க இரவு 2 மணி ஆனது. நிரந்தர ஊழியர்களுக்கு வீடு போக வண்டி உண்டு, ஒப்பந்த ஊழியருக்குக் கிடையாது. விடியும்வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கிரிப்டைப் படித்து ஒப்புதல் தந்தவருக்கு ஒரு வார்த்தை இல்லை, எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனாலும் இரவு வேலை வாங்குகிறவர்கள் வீடு சேர்க்கவும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: எக்ஸ்போர்ட்-ஷெட்யூல்டுடாஸ்க்கால் ஒவ்வொரு செர்வரின் பணியையும் முதலில் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு பணியை எடுத்து, ட்ரிகருக்குள் ஸ்டார்ட்பவுண்டரி (தொடங்கும் நேரம்) மதிப்பை மட்டும் திருத்தி, அதையே திருப்பி அனுப்புங்கள். மாதாந்தரப் பணியாக இருந்தால் இது இன்னும் முக்கியம். புதிய ட்ரிகர் உருவாக்கும் கட்டளையில் மாதத்துக்கான தெரிவே இல்லை. பயனர் உள்நுழையாதபோதும் பணி அவர் கணக்கில் ஓடும்படி இருந்தால் கடவுச்சொல்லையும் தர வேண்டியிருக்கலாம். அதை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்காதீர்கள். விண்டோஸ் செர்வர் 2012க்கு முந்தையவற்றில் இந்தக் கட்டளைகள் கிடையாது, அங்கே எஸ்சிஎச்டாஸ்க்ஸ் என்ற பழைய கட்டளைதான்.

என்னுடையதைப்போல 6 மணிக்குத் தொடங்கி 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் பணி என்றால், மறுநாள் 6:05க்கு அடுத்த ஓட்ட நேரத்தைப் பாருங்கள். 6:15 என்று இருக்க வேண்டும். நாளைய தேதி தெரிந்தால் மறுஓட்டம் போய்விட்டது, உடனே கோப்பிலிருந்து மீட்டுவிடுங்கள்.