புலிப் படத்தில் விடுபட்டவர்கள்

கேள்வி: எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்த வனவிலங்கு நிழற்படக் கண்காட்சியில் ஒரு புலியின் முகம் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டிருந்தது. பின்னால் வெறும் பச்சை மங்கல். கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. கீழே “மலாயாப் புலி” என்று மட்டும் எழுதியிருந்தது. பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆய்வு படிக்கும் என் அண்ணன் மகன் பார்த்த உடனேயே, “இது காலனியப் பார்வை, அத்தை, துப்பாக்கிக்குப் பதில் கேமரா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். எனக்கு அது அழகாகவே இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால் வெட்டிய என் அம்மாவோ படத்தைப் பார்க்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓர் அழகிய படத்தைக் கோட்பாடு கொண்டு ஆராயத்தான் வேண்டுமா?
— ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட், பேராக்.

பதில்: வேண்டும், அம்மா. ஆனால் உங்கள் மருமகன் செய்ததைக் கோட்பாட்டு வாசிப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. படத்தின் முன் நின்று பார்க்காமலேயே சொல்லப்பட்ட அந்தத் தீர்ப்பு புலிக்குப் பொருந்துவதைப் போலவே யானைக்கும் இருவாச்சிப் பறவைக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற விடை இந்தப் படத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதே வேளையில், “அழகு” என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ள நீங்கள் விரும்புவதையும் நான் ஏற்கவில்லை. அந்த அழகு எப்படி உண்டாக்கப்பட்டது என்று கேட்பதால் அது குறைந்துவிடாது.

முதலில் படத்தையே பார்ப்போம். முகம் மட்டும் கூர்மையாகவும் மற்றதெல்லாம் மங்கலாகவும் இருப்பது காட்டின் இயல்பன்று. தொலைவிலிருந்து எடுக்கும் டெலிபோட்டோ லென்ஸின் வேலை அது. கருவியைப் புலியின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி, விழியில் ஓர் ஒளிப்புள்ளி விழும் கணத்துக்காகக் காத்திருந்து எடுப்பது, மன்னர்களையும் தோட்டத் துரைமார்களையும் தீட்டிய உருவப்பட மரபிலிருந்து வந்த பழக்கம். ஆனால் அந்த மரபில் ஓவியர் முன் அமர்ந்தவர் தம் விருப்பத்தோடு அமர்ந்தார். தம்மை எந்தத் தோற்றத்தில் காட்ட வேண்டும் என்று கட்டளையிடவும் செய்தார். புலி அப்படி அமரவில்லை. அதன் முகத்தில் நாம் காணும் கம்பீரத்தில் பெரும்பகுதி நாம் ஏற்றியது. அதற்கு விலையாகக் காடும் நிலமும் அங்கு வாழ்கிறவர்களும் சட்டகத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள்.

அடுத்து, உங்கள் மருமகன் கேட்காமல் விட்ட மிக எளிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் புலி காட்டில் நின்றதா, வேலிக்குள் நின்றதா? 2016 முதல் 2020 வரை தீபகற்ப மலேசியாவில் நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்று மதிப்பிட்டது. நாட்டின் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன, காற்பந்து அணியின் பெயரிலும் புலி இருக்கிறது. காட்டிலோ அது அவ்வளவு அரிது. இந்நாட்டுக் காட்டுப் புலியின் படங்களில் பெரும்பாலானவை மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராக்களில் பதிபவை. உடல்வெப்பமும் அசைவும் பட்டவுடன் தாமே இயங்கும் அந்தக் கருவிகளைப் பாதையின் இருபுறமும் வைப்பார்கள். ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறுவேறாக இருப்பதால், இன்ன புலி என்று அடையாளம் காண இரண்டு பக்கமும் தேவைப்படுகின்றன. அந்தப் படங்களில் வால் வெட்டுப்பட்டிருக்கும், இரவென்றால் பெரும்பாலும் நிறமிருக்காது, மூலையில் தேதியும் நேரமும் இருக்கும். கண்காட்சிச் சுவருக்கு அவை பெரும்பாலும் வருவதில்லை. நேருக்கு நேர் நோக்கும் ஒளி மிகுந்த முகம் விலங்குக் காட்சிசாலையில்தான் எளிதாகக் கிடைக்கும். ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் 1980-இல் நூலில் சேர்த்த ஒரு கட்டுரையில், தொழில்மயம் விலங்குகளை மனிதரின் அன்றாட வாழ்விலிருந்து அகற்றிய காலத்தில்தான் காட்சிசாலைகள் தோன்றிப் பெருகின என்றும், அங்கே விலங்கின் பார்வையை நாம் சந்திப்பதே இல்லை என்றும் வாதிட்டார். இந்தப் படம் காட்சிசாலையில் எடுக்கப்பட்டதாக இருந்தால், அதை விளக்கப் பெர்ஜர் உதவுவார். காட்டில் எடுக்கப்பட்டதாக இருந்தால் வேறு கருவியைத் தேட வேண்டும். “மலாயாப் புலி” என்ற இரண்டே சொற்களில் குறிப்பை முடித்துக்கொண்ட கண்காட்சியாளர்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டார்கள். இது சிறிய குறையன்று.

மருமகனின் சொல்லுக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. ஆப்பிரிக்க வேட்டைப் பயணங்களில் துப்பாக்கியின் இடத்துக்குக் கேமரா வந்ததை அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1977-இல் வெளியான தம் நூலில் எழுதினார். நியூயார்க்கில் 1936-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியக மண்டபத்தில், ஆப்பிரிக்காவில் வேட்டையாடிக் கொண்டுவந்து பாடம் செய்து வைத்த விலங்குகளை 1984-இல் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டோனா ஹாராவே, அந்த வேட்டைகளுக்கு உழைத்த ஆப்பிரிக்கர்கள் கதையிலிருந்து எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்று காட்டினார். மலாயாவிலும் சுட்ட புலியோடு துரைமார் நிற்கும் பழைய படங்கள் உண்டு. தடம் பார்த்து அழைத்துச் சென்றவர்களின் பெயர்கள் அவற்றின் கீழே இருப்பது அரிது. எனினும் வட இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் என்பவர், காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலியின் கால் பட்டதும் விளக்கு மின்னிப் படம் பதியச் செய்து, அப்படங்களை 1927-இல் நூலாக வெளியிட்டார். சுடுவதற்கு மாற்றாகவே படமெடுப்பதை அவர் முன்வைத்தார். அவரும் காலனிய அதிகாரிதான். இருந்தும், புலியே தன் படத்தைப் பதியவைத்த அந்த ஏற்பாட்டையும், புலியைச் சுட்டு அதன்மேல் கால் வைத்து எடுத்துக்கொண்ட படத்தையும் ஒரே சொல்லால் மூடிவிடுவது ஆராய்ச்சி ஆகாது.

இனி உங்கள் அம்மாவிடம் வருகிறேன். மூவரில் அவர் செய்ததே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நீங்களும் உங்கள் மருமகனும் அதை ஒரு வாசிப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறுமுன் குளிர்ந்த பொழுதில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே ரப்பர் மர நிரைக்குள் இறங்க வேண்டியிருந்தது. அந்தியிலும் விடியலிலும் புலி மிகுதியாக நடமாடும். ஆக, பெரட்டு என்ற விடியற்கால ஆள்கணக்கெடுப்பு முடிந்து மரத்தடிக்குப் போன பெண்ணின் நேரமும் புலியின் நேரமும் ஒன்றாகவே இருந்தன. காட்டை அழித்து ரப்பர் நட முடிவு செய்தவர்கள் பங்களாவில் உறங்கிக்கொண்டிருந்தபோது, காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட எல்லையில் நின்றவர்கள் கங்காணி வழியாகக் கொண்டுவரப்பட்ட நம் மக்கள். விலங்கு மனிதனைப் பார்க்கிறது என்பதை மெய்யியல் கணக்கில் கொள்ளவே இல்லை என்று பிரெஞ்சு மெய்யியலாளர் தெரிதா 1997-இல் ஓர் உரையில் தம் பூனையை முன்வைத்து வாதிட்டார். இருட்டில் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய கண்களை எண்ணியபடியே மரம் மரமாகப் போனவருக்கு அது உடம்பில் பதிந்த அறிவு. எந்த ஆபத்தும் இல்லாமல் நின்று ரசிக்கக் கிடைத்த பார்வையை அவர் ஏற்க மறுத்ததில் முழு நியாயம் இருக்கிறது.

அந்த அனுபவத்துக்கு இடம் தரும் உருவ மரபு நம்மிடமே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களிலும் கொங்கு நாட்டிலும் காணப்படும் புலிகுத்திக் கற்களில், புலியோடு போரிட்டு மாண்டவனும் பாயும் புலியும் ஒரே கல்லில் நேருக்கு நேர் செதுக்கப்பட்டிருப்பார்கள். இழந்தவனை நினைக்கும் ஊர் நட்டு வணங்கிய கல் அது. அதில் புலி தனியாக அழகு காட்டுவதில்லை, மனிதனும் வென்றவனாக அதன்மேல் கால் வைத்து நிற்பதில்லை. உங்கள் ஊருக்குக் கிழக்கே உள்ள காடுகளில் வாழும் தெமியார் பழங்குடி மக்களிடமும் பெரிய மந்திரக்காரர்களைப் புலியோடு இணைக்கும் நம்பிக்கை உண்டு. மருமகன் பாரிஸையும் நியூயார்க்கையும் படிக்கட்டும், அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் உங்கள் ஊரிலிருந்து அந்தக் காடுகளை நோக்கிச் செல்லும் லாசா சாலையில் போனால் கிடைப்பதை விட்டுவிட்டு எழுதப்படும் பண்பாட்டு ஆய்வு, தான் குற்றம் சாட்டுகிற அதே வேலையைத்தான் செய்கிறது.

கண்காட்சியாளர்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். படம் எங்கே, எந்த முறையில் எடுக்கப்பட்டது, வழிகாட்டியவர் யார் என்று குறிப்பில் சேர்க்கக் கேளுங்கள். அதன் அருகில் ஒரு தானியங்கிக் கேமராப் படத்தையும், புலிகளை இன்றும் கொன்றுகொண்டிருக்கும் கம்பிக் கண்ணி ஒன்றையும் வைக்கக் கேளுங்கள். மருமகனிடம், பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, எந்த ரப்பர்த் தீம்பாரில், எந்த ஆண்டில், எதைக் கண்டார், எதைக் கேட்டார் என்று விவரமாக எழுதிவரச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எங்களுக்கு அனுப்பட்டும், சுருக்காமல் வெளியிடுகிறோம்.