அந்தச் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள்

பென்னாகரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, தருமபுரியில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தேன். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், நிலத்தடி நீர் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிப்புக் கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம் உண்டு என்று கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே அரசு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டிவிட்டது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். முன்செலவுக்கு அப்பா நிலத்தை அடமானம் வைக்கப் பார்க்கிறார். நம்பி வரலாமா?"

வரலாம், தம்பி. ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் நம்பி வர வேண்டாம். சம்பளம் எந்தப் பணத்திலிருந்து, எத்தனை ஆண்டுக்கு வருகிறது என்று பேராசிரியரிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள். நான் காவேரிப்பட்டணத்துக்காரி. இங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஆய்வகத்தின் வரவு செலவும் என் கையில்தான் இருக்கிறது. அதனால் இதை விவரமாகச் சொல்ல முடியும்.

இங்கே அறிவியல் முனைவர் பட்ட மாணவருக்குச் சம்பளம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, கற்பித்தல் உதவியாளர் வேலை. இளநிலை மாணவர்களின் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொள்வது, விடைத்தாள் திருத்துவது. அந்தப் பணம் மாணவர் கட்டணத்திலிருந்தும் மாநில அரசு தரும் நிதியிலிருந்தும் வருகிறது. மற்றொன்று, ஆராய்ச்சி உதவியாளர் வேலை. பேராசிரியர் மத்திய அரசிடம் போட்டியிட்டு வாங்கிய நிதியிலிருந்து உங்களுக்குச் சம்பளம் தருவார். வாஷிங்டனில் வெட்டினால் வலிப்பது இந்த இரண்டாவது வழியில்தான்.

அடிப்படை அறிவியலுக்குப் பணம் தரும் முக்கிய அமைப்பு 1950இல் உருவான தேசிய அறிவியல் அறக்கட்டளை. அதன் ஆண்டு நிதி சுமார் 900 கோடி டாலர். மருத்துவ ஆய்வுக்கான தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு ஏறக்குறைய அதைப் போல் ஐந்து மடங்கு. அறக்கட்டளையிடம் போகும் விண்ணப்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைக்கும். கிடைத்தாலும் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குத்தான். முனைவர் பட்டமோ ஐந்து, ஆறு ஆண்டு பிடிக்கும். ஆகவே நாடு நன்றாக இருந்த காலத்திலும், பாதி வழியில் மாணவரின் சம்பளத்துக்கு வேறு வழி தேட வேண்டிய நிலை எல்லா ஆய்வகங்களிலும் வந்துகொண்டுதான் இருந்தது.

2025இல் நடந்தது இந்த வழக்கமான நெருக்கடியைப் போன்றதல்ல. பிப்ரவரியில் தேசிய சுகாதார நிறுவனங்கள் மேற்செலவுக்குத் தரும் தொகையை, ஆய்வின் நேரடிச் செலவில் 15 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தன. மேற்செலவு என்றால் கட்டிடம், மின்சாரம், ரசாயனக் கழிவை அகற்றுவது, கணக்குப் பார்ப்பவர்களின் சம்பளம் எல்லாம். பெரிய பல்கலைக்கழகங்களில் அது 50, 60 சதவீதம் வரை இருந்தது. நீதிமன்றம் தலையிட்டு அந்தக் குறைப்பைத் தடுத்தது. ஏப்ரலில் அறிவியல் அறக்கட்டளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு நிதிகளை நடுவில் ரத்து செய்யத் தொடங்கியது. எங்கள் மாடியிலேயே ஓர் ஆய்வகத்தின் நிதி போனது. அங்கிருந்த இரண்டாம் ஆண்டு மாணவியைத் துறை கற்பித்தல் வேலைக்கு மாற்றிக் காப்பாற்றியது. சம்பளம் நிற்கவில்லை, ஆராய்ச்சி நின்றுவிட்டது.

அடுத்து, 2026 நிதியாண்டுக்கு அறக்கட்டளையின் நிதியை 390 கோடி டாலராகக் குறைக்க வெள்ளை மாளிகை முன்மொழிந்தது. உங்கள் காதுக்கு எட்டிய செய்தி பெரும்பாலும் இதுவாக இருக்கும். ஆனால் இந்த நாட்டில் பணத்தை ஒதுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. அது இந்த முன்மொழிவை ஏற்காமல் சுமார் 875 கோடி ஒதுக்கியது. ஆகவே பணமே இல்லாமல் போய்விட்டது என்பது உண்மையில்லை. அடுத்த ஆண்டு வருமா என்ற உறுதிதான் போய்விட்டது. கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் இருந்தும் மதகைச் சுருக்கினால் முதலில் காய்வது கடைமடை வயல் அல்லவா? இங்கே கடைமடை, புதிதாகச் சேரும் மாணவர்கள். 2025இல் சேர்க்கையைப் பல துறைகள் குறைத்தன. கொடுத்த இடத்தையே திரும்பப் பெற்ற துறைகளும் உண்டு.

நீங்கள் தேர்ந்திருப்பது நீர் ஆராய்ச்சி என்பதால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் ஆராய்ச்சிப் பிரிவையே கலைப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தது. எனக்கு மிகவும் மனம் நொந்த செய்தி அது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறைக்கும் ஃபுளோரைடுக்கும் உள்ள கணக்கை 1930களில் ஊர் ஊராகப் போய்ப் பல்லைப் பார்த்து எழுதியவர் டிரெண்ட்லி டீன். அமெரிக்க அரசுப் பொதுச் சுகாதாரப் பணியின் ஊழியர். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடைப் பிரிக்கும் நல்கொண்டா முறையைக் கண்டது நாகபுரியில் உள்ள நம் அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி. இந்த ஃபுளோரைடுத் தொல்லையைத் தீர்க்க வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் ஜப்பான் அரசின் கடனுதவியில் நிறைவேறியது. இதில் எதுவும் ஒரு கம்பெனிக்கு லாபம் தரும் வேலை இல்லை. மக்களின் வரிப்பணம் இல்லாவிட்டால் இவற்றை யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேழ்வரகுக்கும் கொள்ளுக்கும் புது ரகம் தேடப் பொறுமையாகப் பல ஆண்டு உழைக்க அரசால்தான் முடியும்.

ஊரிலேயே இருப்பதும் ஒரு நல்ல வழிதான். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். ஆனால் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் தவிக்கும் ஆய்வு மாணவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். எனவே பயந்து அங்கே தங்கிவிட வேண்டாம். அந்தத் தேர்வையும் எழுதி வையுங்கள், கையில் இன்னொரு வழி இருக்கட்டும்.

இப்போது பேராசிரியருக்கு எழுதுங்கள். என் சம்பளம் முதல் ஆண்டு எந்த நிதியிலிருந்து, அந்த நிதி எப்போது முடிகிறது, முடிந்தாலோ ரத்தானாலோ துறை கற்பித்தல் வேலை தருவதாக உறுதி சொல்லுமா, சம்பளம் ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்று நேராகக் கேளுங்கள். மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று நம் ஊர்ப் பிள்ளைகள் தயங்குவார்கள். இங்கே யாரும் அப்படி நினைப்பதில்லை. அதே ஆய்வகத்தில் இருக்கும் மூத்த மாணவர்களிடமும் தனியாக விசாரியுங்கள். பேராசிரியர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். இது அவசியம், ஏனென்றால் மாணவர் விசாவில் வருபவர் சம்பளம் நின்றுவிட்டது என்று வெளியே கடையில் போய் வேலை செய்ய முடியாது.

நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கட்டணம் இல்லாத இடத்துக்கு அவ்வளவு பணம் தேவையில்லை. விசாவுக்கு 185 டாலர், மாணவர் பதிவுக்கு 350 டாலர், விமான டிக்கெட், வீட்டு முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. ஆகஸ்டில் வந்தால் சம்பளம் கைக்கு வர செப்டம்பர் ஆகிவிடும். கட்டண விலக்கு என்றாலும் பருவத்துக்கு ஒருமுறை இதரக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்; எவ்வளவு என்று துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு வங்கிகள் 7.5 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்குள்ளேயே முடித்துவிடலாம்.

துறை சீக்கிரம் பதில் சொல்லச் சொன்னால் பதற வேண்டாம். நிதியுதவியோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15 வரை மாணவருக்கு அவகாசம் தருவதாக இங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பேராசிரியரின் பதில் வந்ததும் அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.